மரியானுக்கு ஒரு முகம்

செசிலி காகிதம் வாசிக்கிற விதமே தனி. கண் ஒரு வரி முன்னால் ஓடும்; வாய் ஒரு வரி பின்னால் வரும். நடுவில் கிடக்கும் அந்த ஒரு வரிக்குள் அவள் எத்தனையோ காரியங்களை முடித்துவிடுவாள். அண்ணன் எழுதிய கெட்ட வார்த்தை அங்கே செத்துப்போகும். அவன் பட்டினி கிடந்த நாள் அங்கே விருந்து நாளாகும்.

அவளுடைய அம்மை வியாகுலம்மைக்கு எழுத்து தெரியாது. இராஜாக்கமங்கலம் துறையில் அந்தத் தெருவிலேயே கன்னியாஸ்திரிகளிடம் நாலாம் வகுப்புவரை படித்த பெண் செசிலி ஒருத்திதான். அதனால் அண்ணன் ததேயுஸ் என்ன எழுதினான் என்பது, செசிலி என்ன வாசித்தாள் என்பதாகவே அந்த வீட்டில் இருந்தது.

ததேயுஸ் திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் படுதா வரைந்துகொண்டிருந்தான். காட்டுக் காட்சிக்கு ஒரு படுதா, அரண்மனைக்கு ஒன்று, சுடுகாட்டுக்கு ஒன்று. பெரிய சித்திரக்காரன் ஆகப்போகிறேன் என்று போனவன், மூன்று வருஷமாக நாடகக் கொட்டகையின் ஏணியை விட்டு இறங்கவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, தை மாதக் கடைசி. கரையிலிருந்து இழுக்கும் மடிவலையில் நெத்திலி குவிந்த நாள். வியாகுலம்மையும் செசிலியும் வீட்டு முன்னால் மணலில் ஓலைப்பாய் விரித்து நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலோட்டக்காரர் தாணுலிங்கம் கைத்தடிச் சலங்கை குலுங்க ஓடி வந்து நின்றார்.

"சித்திரக்காரனுக்க காகிதம் வந்திருக்கு. ஓடி வந்த மூச்சுக்கு ஒரு சொம்பு வெள்ளம் தருவியளா?"

"வெள்ளம் தாறேன். ரெண்டு பிடி நெத்திலியும் கொண்டு போவும்" என்றாள் வியாகுலம்மை. "ஏட்டி செசிலி, கையைக் கழுவிட்டு வாசி. போன வாட்டி காகிதமெல்லாம் செதிலாயிட்டு."

செசிலி பிரித்தாள். ததேயுஸ் இப்படி எழுதியிருந்தான்:

"என் பிரியமுள்ள அம்மைக்கும் செசிலிக்கும். இங்கு நான் சுகம். கம்பெனி முதலாளி பொன்னுலிங்கம் அவர்கள் காட்டுப் படுதாவில் ஒரு புலி வரையச் சொன்னார். நான் புலியைப் பார்த்ததில்லை, முதலாளியைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் அவருடைய மீசையையே புலிக்கு வைத்தேன். படுதா விழுந்ததும் தரை டிக்கெட்டுக்காரர்கள் எழுந்து நின்று முதலாளிக்குக் கும்பிடு போட்டார்கள். அதனால் எனக்கு இரண்டு நாள் சோறு கிடையாது. என் அறையில் கூடத் தங்கியிருக்கும் ஜெபமணி ஆர்மோனியம் வாசிக்கிறவன். அவன் தூக்கத்திலும் என் முதுகில் விரல் வைத்துச் சுதி பிடிக்கிறான். ஒருநாள் நானே 'ச' என்று பாடி எழுந்துவிட்டேன்."

செசிலி எல்லாவற்றையும் வாசித்தாள். அந்த இரண்டு நாளை மட்டும், "முதலாளி சந்தோஷப்பட்டு ரெண்டு நாள் ஆட்டுக்கறி போட்டார்" என்று மாற்றினாள்.

வியாகுலம்மை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "சரி. இப்பம் நான் சொல்லத எழுது. எப்படியும் கேக்கணும், கேட்டிரலாம்" என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம் அவள் புருஷன் மரியான் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனான். மறுநாள் மரம் முட்டத்துக் கரையில் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவனுடைய உடுப்பைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்குவது துறை வழக்கம். வியாகுலம்மை அதற்கு ஒத்துக்கொள்ளவேயில்லை.

"முகமில்லாம அடக்கினா ஆளு மண்ணுல கெடக்காது. எழும்பி முகத்தத் தேடி நடக்கும். கீழத்தெரு இன்னாசிக்கு உடுப்பை மட்டும் அடக்கினாவ. அவன் பெண்டாட்டி ஒரு வருசம் பட்டபாடு எனக்குத் தெரியும்" என்பாள்.

துறையில் யாரிடமும் புகைப்படம் இல்லை. அதனால் மரியான் செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. அதனாலேயே செசிலிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் முறிந்தன. மூன்றாவதாக இப்போது மணக்குடி சகாயம் வந்திருந்தான். கொழும்பில் கருவாட்டுக் கடையில் வேலை. திருவிழாவில் செசிலியைப் பார்த்தவன், இவளைத் தவிர வேறு வேண்டாம் என்று நின்றான். அவன் தாய் ஞானசெல்வி வீட்டுக்கே வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"பெண்ணுக்கு அப்பன் உண்டுமிண்ணா வந்து நிக்கட்டும். இல்லியா, கல்லறையக் காட்டுங்க. ரெண்டுமில்லாத வீட்டுல எனக்க மோன் தாலி கெட்டமாட்டான். தவக்காலம் தொடங்கினா கல்யாணம் கெடையாது. அவன் உயிர்த்த ஞாயிறுக்கு முன்ன கப்பலேறணும். பாத்துக்கிடுங்க."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒரு மாதம்கூட இல்லை. செசிலிக்கு இருபத்திரண்டு வயது முடிந்திருந்தது. சகாயம் போனால் நாலாவது ஒருவன் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும்.

"அண்ணனுக்கு எழுது" என்றாள் வியாகுலம்மை. "அப்பனுக்க முகத்த ஒரு பலகையில வரைஞ்சு அனுப்பட்டு. அத வச்சு அடக்குவோம். மூக்கு நீளம். ரொம்ப நீளமில்ல, கேட்டியா?"

"எழுதியாச்சு. பல்லு?"

"சிரிச்சாத்தானே பல்லு தெரியும்? அவரு எப்பம் சிரிச்சாரு? பல்லு வேண்டாம்."

"காது?"

"எனக்க பேச்சக் கேக்காத காது. கொஞ்சம் பெரிசா வச்சு வரையச் சொல்லு. இனியாவது கேக்கட்டு."

செசிலி சிரித்துக்கொண்டே எழுதினாள். தாய் நெத்திலியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"நாப்பத்தேழு வயசு. ஒரு நரைகூட இல்ல. கண்ணு மூடியிருக்கணும். அத ரெண்டு வாட்டி எழுது. கண்ணு மூடியிருக்கணும்."

அடுத்த காகிதம் பத்து நாளில் வந்தது. அன்றைக்குக் காற்று இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. கடல் சத்தம் போடாமல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. செசிலி அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து பிரித்தாள்.

"செசிலி, இதை அம்மைக்கு வாசிக்காதே" என்றுதான் காகிதமே தொடங்கியது.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் தாய்.

"சுகமாம். படம் தொடங்கியாச்சாம்."

கண் முன்னால் ஓடியது. ததேயுஸ் எழுதியிருந்தான்:

"நம் அப்பன் உயிரோடு இருந்தபோது எனக்கு ஒரு நிமிஷம் அடங்கி உட்கார்ந்ததில்லை. இப்போதும் அப்படித்தான். கண்ணை மூடி வரைந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இமைக்குக் கீழே வெள்ளை தெரிகிறது. சாயம் காயும்போது வெடித்திருக்கும் என்று ஜெபமணி சொன்னான். ஆர்மோனியக்காரனுக்குச் சாயத்தைப் பற்றி என்ன தெரியும்? மேலே பூசினேன். மூன்றாம் நாள் தாடியில் நரை வந்திருக்கிறது. வெள்ளைச் சாயப் புட்டியை நான் திறக்கவேயில்லை, செசிலி. ஆணையாகச் சொல்கிறேன். நான் வரைந்தது நாற்பத்தேழு வயதுக்காரரை. பலகையில் இருக்கிறவருக்கு ஐம்பது தாண்டும். மெலிந்துவிட்டார். இடது புருவத்தின் நடுவில் ஒரு தழும்பு வந்திருக்கிறது. துணியால் துடைத்தேன், கத்தியால் சுரண்டினேன், போகவில்லை. நேற்றுப் பல் தேய்க்கப் போன ஜெபமணி, பலகையைப் பார்த்து, 'அண்ணாச்சி, கொஞ்சம் விலகி நில்லுங்க' என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்து ஓடியிருக்கிறான். இப்போது ஆர்மோனியத்தோடு கொட்டகையில் படுக்கிறான். என் முதுகுக்கு மட்டும் நிம்மதி."

"ஜெபமணி பல்லு தேய்க்கப் போனவன் வழுக்கி விழுந்திட்டானாம்" என்றாள் செசிலி. குரல் கொஞ்சம் பிசிறியது.

"கண்ணு மூடியாச்சா?"

"மூடியாச்சு."

"பின்ன ஏன் மக்கா ஒனக்க கண்ணு இன்னும் கீழ போயிட்டிருக்கு?"

செசிலி காகிதத்தை மடித்தாள். "அண்ணனுக்க எழுத்து கோழி கிளறுனது மாதிரி இருக்கு. தேடித் தேடி வாசிக்கணும்."

தாய் கறியை இறக்கி வைத்தாள். அன்று சாப்பிடும்போது, பழக்கமில்லாத பழக்கமாக, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

படம் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாகர்கோவில்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து உப்பு ஏற்றப்போகும் வண்டியில் வந்தது. ததேயுஸ் அதைப் பழைய படுதாத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தான். மேலே கொஞ்சம் வானமும் ஒரு மரக்கிளையும் தெரிந்தன. செசிலி முடிச்சை அவிழ்க்கப் போனாள். தாய் அவள் கையை விலக்கிவிட்டுத் தானே அவிழ்த்தாள்.

மரியான் கண் மூடியிருந்தான். ஆனால் தூங்குகிறவன் கண் மூடுவதற்கும் செத்தவன் கண் மூடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இது, யாராவது கூப்பிட்டால் திறந்துவிடுகிற மூடல். தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வேறு ஏதோ ஊர் வெயிலில் கறுத்த நிறம்.

"அண்ணன் தப்பா வரைஞ்சிட்டான்" என்று அவசரமாகச் சொன்னாள் செசிலி. "வயசு கூடிப்போச்சு. அப்பனுக்குத் தழும்பே கெடையாது."

வியாகுலம்மை அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஆறிப்போச்சு" என்றாள்.

"என்னது?"

"இது நான் அடிச்சதாக்கும்."

செசிலிக்குப் புரியவில்லை. தாய் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் படம் படிக்கப் போனானே, அதுக்கு ரெண்டு நா களிச்சு. நீ கோயிலுக்குப் போயிருந்த. 'கடலுக்குப் போற பயலைக் கரிக்கட்டை பிடிக்க அனுப்பினது ஆரு'ண்ணு அவரு கேட்டாரு. நானாக்கும்ணு சொன்னேன். எனக்க அம்மையையும் சேத்து ஒரு வார்த்த சொன்னாரு. கையில அகப்பை இருந்துது. ஓங்கி அடிச்சேன். புருவம் கீறி ரெத்தம் கொட்டிச்சு. தோள்ல கெடந்த துவர்த்த தலையில கெட்டிக்கிட்டு, ஒரு வார்த்த பேசாம மரத்தத் தள்ளிட்டுப் போனாரு. ஆருட்டயும் சொல்லல்ல. பங்குச் சாமியாருட்டகூட."

"அண்ணனுக்கு?"

"அவன் அப்பமே போயிட்டானே. அவனுக்கெப்படித் தெரியும்?"

வெளியே யாரோ மடிவலை இழுக்கும் 'ஏலேலோ' சத்தம் கேட்டு அடங்கியது.

"அண்ணைக்கே கடல்ல செத்திருந்தா அது பச்சப் புண்ணாட்டு இருக்கணும் மக்களே" என்றாள் வியாகுலம்மை. "இது ஆறித் தழும்பாயிருக்கு. ஆறுகதுக்கு ஆளு உசிரோட இருந்திருக்கணும்."

செசிலிக்குச் சகாயத்தின் முகம் ஒரு கணம் நினைவில் வந்து போயிற்று. "அப்பம் அடக்கண்டாமா?" என்று கேட்டாள். கேட்ட குரல் தன்னுடையதாக அவளுக்கே தோன்றவில்லை.

தாய் நிமிர்ந்தாள். "உசிரோட இருக்கவருக்கு மூணு வருசத்துல ஒரு நா இந்த வீட்டுக்கு வழி தெரியல்ல. கோவம் எனக்க மேல. இருக்கட்டு. நீ என்ன செய்த? ஒனக்க கல்யாணத்துக்கு நிக்காத அப்பன் எனக்குச் செத்தவருதான். பெட்டி செய்யச் சொல்லு."

"அம்மா, உசிரோட உள்ள ஆள..."

"சொல்லுட்டி."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். பெட்டிக்குள் ஒரு வேட்டி, ஒரு துவர்த்து, அதன்மேல் முகம். மூடுவதற்கு முன்னால் வியாகுலம்மை பலகையைத் துணியால் போர்த்தினாள். அதனால் துறையில் வேறு யாரும் அந்த நரையையும் தழும்பையும் பார்க்கவில்லை. நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கனமே இல்லை. கனமில்லாத பெட்டியைத் தூக்குகிற வெட்கத்தில், வேண்டுமென்றே கொஞ்சம் சாய்ந்து நடந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் இறக்கும்போது மட்டும் கயிறு இழுத்தது. "எலேய், பிடி பிடி" என்று ஒருவன் கத்தினான். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார்கள். கை சிவந்துபோயிற்று. "மணலு ஈரம், கயிறு வழுக்குது" என்றான் ஒருவன். மற்றவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். மணலில் ஈரம் இல்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

ஞானசெல்வி கல்லறையைப் பார்த்தாள். சிலுவையைத் தொட்டு முத்தமிட்டாள். "இனி குறையில்ல" என்றாள். திங்கட்கிழமை பத்து மணிப் பூசையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாண அறிவிப்பு ஓலையைச் சம்பந்தம் பேசியபோதே மூன்று ஞாயிறும் கோயிலில் வாசித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் மணக்குடிப் பெண்கள் செசிலியை அழைத்துப்போக வந்துவிட்டார்கள். வாசல் நிறைய ஆள். கருப்பட்டிக் காப்பி ஆவி பறந்தது. செசிலி தலையில் முக்காடு போட்டுப் புறப்பட்டு நிற்கும்போது தாணுலிங்கத்தின் சலங்கை கேட்டது.

"நல்ல நேரம் பாத்து அனுப்பியிருக்கான் அண்ணன்காரன். கல்யாண வாழ்த்தாயிருக்கும்!" என்று அவர் காகிதத்தை நீட்டினார்.

"சித்திரக்காரனா? சிரிக்கச் சிரிக்க எழுதுவானாமே. வாசி மக்களே, நாங்களும் கேப்போம்" என்றாள் ஞானசெல்வி.

வியாகுலம்மை வெள்ளைச் சேலையில் கதவோரம் நின்றிருந்தாள். "வாசி" என்றாள் அவளும்.

செசிலி பிரித்தாள். காகிதத்தில் இப்படி இருந்தது:

"செசிலி, இது உனக்கு மட்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஏணியில் நின்று படுதாவில் வானம் பூசிக்கொண்டிருந்தேன்."

"வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஏணியில் நின்று படுதாவில் வானம் பூசிக்கொண்டிருந்தேன்" என்று வாசித்தாள் செசிலி.

காகிதத்தில் அடுத்து இருந்தது: "கொட்டகை வாசலில் ஒரு ஆள் வந்து, துறைக்காரப் பையன் இங்கேதானே என்று கேட்டிருக்கிறார். காவல்காரன் என்னைக் கூப்பிட வந்தான். நான் இறங்கிப் போவதற்குள் ஆளைக் காணோம்."

"முதலாளி கீழே வந்து நின்று, 'மழை வருமாலே?' என்று கேட்டார். 'வரும்' என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் நீலச் சாயம் வாளியோடு அவர் தலையில் விழுந்தது" என்று வாசித்தாள் செசிலி.

மணக்குடிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

காகிதத்தில்: "காவல்காரன் உயரம் சொல்கிறான், நடை சொல்கிறான், தோளில் கிடந்த துவர்த்தைச் சொல்கிறான். எல்லாம் நம் அப்பன்தான். முகம் எப்படி என்று கேட்டால் விழிக்கிறான். 'இவ்வளவு பக்கத்துல நின்னு பேசினேன், ஆனா முகம் இருந்ததா ஓர்மையில்ல' என்கிறான்."

"முதலாளி முகம் முழுக்க நீலம். வீட்டுக்குப் போனால் அவர் பெண்டாட்டிக்கு ஆள் தெரியவில்லையாம். 'ஆருவேய் நீரு?' என்று கதவைச் சாத்திவிட்டாளாம்" என்று செசிலியின் வாய் வாசித்தது.

ஞானசெல்வி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அய்யோ, எனக்கு வயிறு வலிக்கே!" என்று பக்கத்தில் நின்றவளைப் பிடித்துக்கொண்டாள். தாணுலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சலங்கையும் சேர்ந்து குலுங்கியது.

காகிதத்தில் மிச்சம் இருந்தது: "வந்தவர் தெற்கே போகும் வழியைக் கேட்டுக்கொண்டு நடந்து போய்விட்டாராம். வீட்டில் கல்யாணம், திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரணும் என்றாராம். நான் இங்கே யாரிடமும் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை, செசிலி. எனக்கே அம்மையின் காகிதம் மறுநாள் மாலைதான் கிடைத்தது. முதலாளி எனக்கு விடுப்புத் தரவில்லை. தந்தாலும் வர எனக்குத் தைரியம் இல்லை."

"தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். இப்படிக்கு ததேயுஸ்" என்று செசிலி முடித்தாள்.

அவள் முதுகில் வேர்வை வழிந்தது. எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மை ஒருத்திதான் சிரிக்கவில்லை. வந்து, மகள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். தெரியாத எழுத்துகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். எழுத்தைவிட அது அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.

"சரி, புறப்படுங்க. மணியடிக்கப் போறான்" என்றாள். "நான் வரல்ல."

"என்ன சம்பந்தி இது? பெத்தவ வராம ஒரு கல்யாணமா?" என்றாள் ஞானசெல்வி.

"அடக்கம் களிஞ்சு நாலு நா ஆச்சு. நான் கோயில்ல நிக்கப்பிடாது. எனக்க அண்ணன் நிண்ணு நடத்துவாரு" என்றாள் வியாகுலம்மை. துறையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மணக்குடியில் உண்டோ என்னவோ என்று துறைக்காரர்கள் பேசாமல் இருந்தார்கள்; துறையில் உண்டோ என்னவோ என்று மணக்குடிக்காரர்கள் பேசாமல் இருந்தார்கள்.

தாய் மகளின் முக்காட்டைச் சரி செய்தாள். காதோரம் குனிந்து, "நீ போ மக்களே. தாலி ஏறுகது வர இந்த வீட்டத் தாண்டி ஆரும் கோயில் பக்கம் வரமாட்டாவ. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் சிலுவை, பின்னால் கொட்டு, அதற்குப் பின்னால் பெண்கள். வெயில் ஏறிவிட்டது. மணல் சுட்டது. தென்னந்தோப்பு திரும்புகிற இடத்தில் கொட்டுக்காரன் தோலைக் காய்ச்சிச் சரிசெய்ய ஒரு நிமிஷம் நின்றான். அந்த ஒரு நிமிஷ அமைதியில் வீட்டிலிருந்து வியாகுலம்மையின் குரல் தெளிவாகக் கேட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பன் கடலிலிருந்து பிந்தி வருகிற ஒவ்வொரு நாளும் கேட்ட அதே குரல்.

"இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? மூணு வருசம் எங்க கெடந்தீரு? அனங்காம இரியும், பிள்ள கோயிலுக்குப் போயிட்டிருக்கா!"

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

ஞானசெல்வி திரும்பிப் பார்த்தாள். மற்றப் பெண்களும் பார்த்தார்கள். செசிலி பார்க்கவில்லை.

"வீட்டுல ஆருமில்லியே. ஒனக்க அம்மை ஆருட்ட பேசுதா?"

"சேவலுட்ட" என்றாள் செசிலி. "எங்க வீட்டுச் சேவலு. போனா போன இடம். அம்மைக்கு அதுட்ட சண்ட போடாட்டா பொழுது போவாது."

பெண்கள் சிரித்தார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. கொட்டு மறுபடி எழும்பக் காத்திராமல், செசிலி எல்லாருக்கும் முன்னால் நடையை எட்டிப் போட்டாள்.